வராத ஆட்டக்காரர்

உத்தியோகத்தில் இருக்கிறவன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால், அவனுடைய சம்பளத்தைப் பிடிப்பதும், தாக்கீது அனுப்புவதும், கடைசியில் அவன் பெயரை ஏட்டிலிருந்து அடித்துவிடுவதும் லோகத்தில் எல்லா எஜமானர்களும் செய்கிற காரியந்தான். ஆனால் ஒப்பந்தம் காலாவதியான பிற்பாடும், சம்பளமென்று ஒரு காசு கொடுக்காத நிலையிலும், இவன் எங்களுடையவன், வேறெங்கும் போகக் கூடாது என்று ஓர் எஜமானன் சொல்வதையும், அப்படிச் சொல்வதற்கு அந்தத் தொழிலைச் சேர்ந்த அத்தனை எஜமானர்களும் ஒருமுகமாகத் துணை நிற்பதையும் பார்க்க வேண்டுமானால், 1960-ஆம் வருஷத்துக் கோடையில் இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள நியூகாஸில் நகரத்துக்குப் போக வேண்டும். அவ்வூர்க் கால்பந்து கிளப்பான நியூகாஸில் யுனைடெட்டில் அப்போது ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்று ஓர் ஆட்டக்காரர் இருந்தார். இருந்தார் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா என்பதுதான் பின்னால் மூன்று வருஷம் நடந்த வியாஜ்யத்தின் சாரம்.

கால்பந்தாட்டத்தில் ஒப்பந்தம் என்பது வேறு, பதிவு என்பது வேறு. ஒப்பந்தம் ஆட்டக்காரனுக்கும் கிளப்புக்கும் இடையே ஏற்படுவது. அந்நாளில் அது பெரும்பாலும் ஒரே ஒரு வருஷத்துக்கு எழுதப்பட்டு, ஆட்டப் பருவம் முடிந்ததும் தானே முடிந்துபோகும். பதிவு என்பதோ, இன்னார் இன்ன கிளப்பைச் சேர்ந்தவர் என்று கால்பந்து லீக் தன்னிடத்தில் வைத்திருக்கும் ஏட்டில் எழுதிக்கொள்ளும் ஒரு வரி. ஒப்பந்தம் முடிந்தாலும் அந்த வரி முடியாது. ஒவ்வொரு பருவத்தின் இறுதியிலும் கிளப்புகள் தாங்கள் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களின் பட்டியலையும், விலை குறித்து விட்டுவிடச் சம்மதிக்கிறவர்களின் பட்டியலையும் லீகுக்கு அனுப்பும். முதல் பட்டியலில் பெயர் ஏறிவிட்டவன், கிளப் கொடுக்கிற புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் ஆடலாம், இடாவிட்டால் வீட்டில் உட்காரலாம், ஆனால் லீகைச் சேர்ந்த வேறு எந்தக் கிளப்பும் அவனைத் தொடக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஏற்பட்ட இந்த ஏற்பாட்டுக்கு, 1901-இல் இன்னொரு பூட்டும் வந்து சேர்ந்தது: எவ்வளவு சிறந்த ஆட்டக்காரனானாலும் வாரத்துக்கு நாலு பவுனுக்கு மேல் கொடுக்கலாகாது என்ற விதி. அந்த உச்சவரம்பு மெல்ல மெல்ல நகர்ந்து, நான் சொல்லும் காலத்தில், ஆட்டப் பருவத்தில் இருபது பவுன், கோடையில் பதினேழு பவுன் என்ற அளவில் நின்றது. போகவும் முடியாது, போனாலும் கூடுதலாகக் கிடைக்காது. இரண்டு விதிகளும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றபடியால் அறுபது வருஷத்துக்கு அவற்றை யாராலும் அசைக்க முடியவில்லை. அசைக்க முயன்றவர் இல்லாமலும் இல்லை. 1912-இல் ஹாரி கிங்கபி என்பவர் ஆஸ்டன் வில்லா கிளப்பின்மேல் வழக்குத் தொடுத்துத் தோற்றார். அவருக்குப் பின்னால் நின்ற ஆட்டக்காரர் சங்கம் அந்தச் செலவிலிருந்து தலைதூக்க வெகுகாலம் ஆயிற்று.

ஈஸ்ட்ஹாமின் தகப்பனாரும் ஜார்ஜ் என்ற பெயருடையவர்தான். அவரும் இங்கிலாந்துக்காக ஆடியவர். வட அயர்லாந்தில் ஆர்ட்ஸ் என்ற கிளப்பில் தந்தையும் மகனும் ஒன்றாக ஆடினார்கள் என்பது கால்பந்துச் சரித்திரத்தில் அபூர்வமான சங்கதி. அங்கிருந்து 1956-இல் நியூகாஸில் மகனை விலைக்கு வாங்கிற்று. ஒல்லியான சரீரம், முரட்டு ஆட்டத்துக்கு ஏற்றதல்ல. ஆனால் இடது காலில் ஒரு சூக்ஷ்மம் இருந்தது. மற்றவர்கள் பந்தின் பின்னால் ஓடுகிற இடத்தில் அவர் பந்தை நிறுத்தி, தலை நிமிர்ந்து பார்த்து, எவனுக்கு வேண்டுமோ அவனுக்குக் கொடுப்பார் என்று பார்த்தவர்கள் சொல்வதுண்டு.

அவருக்கும் கிளப்புக்கும் மனஸ்தாபம் ஏற்பட்ட காரணங்களைப் படிக்கும்போது, இவ்வளவு பெரிய வழக்கு இவ்வளவு சிறிய விஷயங்களிலிருந்தா கிளம்பிற்று என்று ஆச்சரியமாக இருக்கிறது. கிளப் கொடுத்த வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் இருந்தது. ஆட்டமில்லாத நேரத்தில் செய்வதற்கென்று ஏற்பாடு செய்து கொடுத்த வேலை திருப்தியாக இல்லை. இருபத்துமூன்று வயதுக்குட்பட்டோர் அணியில் தேசத்துக்காக ஆடப் போவதைக் கிளப் தடுக்கப் பார்த்ததாக அவர் குறைப்பட்டுக்கொண்டார். எஜமானர்களின் மனோபாவம் பெரிய கொடுமைகளில் வெளிப்படுவதைவிட, ஒழுகுகிற கூரையைப் பற்றி வந்த கடிதத்துக்குப் பதில் எழுதும் தோரணையில் தெளிவாக வெளிப்படும் என்பது என் அபிப்பிராயம். வேறு வழியில்லாதவனுக்கு எதற்காக வீடு திருத்திக் கொடுக்க வேண்டும்? 1960 பருவம் முடிந்தது, ஒப்பந்தம் முடிந்தது, புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்து, தம்மை வேறு கிளப்புக்கு மாற்றிவிடும்படி ஈஸ்ட்ஹாம் கேட்டார். கிளப் மறுத்துவிட்டு, வைத்துக்கொள்ளும் பட்டியலில் அவர் பெயரை எழுதிற்று.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அந்தச் சமயத்தில் நியூகாஸில் அணியின் மேனேஜராக இருந்தவர் சார்லி மிட்டன். இந்த மிட்டன், பத்து வருஷத்துக்கு முன்னால், மான்செஸ்டர் யுனைடெட்டில் ஆடிக்கொண்டிருந்தபோது, உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் கட்டுப்பாட்டுக்கு வெளியே அப்போது இயங்கிக்கொண்டிருந்த கொலம்பியா தேசத்து லீகில் ஏராளமான சம்பளம் கிடைக்கிறதென்று கேள்விப்பட்டு, பொகோட்டாவுக்குப் போனவர். மறு வருஷம் திரும்பி வந்தபோது ஆறு மாதத் தடையும் 250 பவுன் அபராதமும் விதிக்கப்பட்டு, வேறு கிளப்புக்கு விற்கப்பட்டவர். வராமற்போன ஒருவரின் பழைய சுவடு, வராமற்போன இன்னொருவரின் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. மிட்டன் மனத்துக்குள் என்ன நினைத்தாரோ, நியூகாஸிலில் விஷயத்தைத் தீர்மானித்தவர்கள் டைரக்டர்கள்.

ஈஸ்ட்ஹாம் தெற்கே போய்விட்டார். எர்னி கிளே என்ற நண்பரின் வியாபாரத்தில் சேர்ந்து தக்கை விற்கத் தொடங்கினார். இங்கிலாந்தின் மிகச் சிறந்த இளம் ஆட்டக்காரர்களில் ஒருவர், சனிக்கிழமை மத்தியானங்களில் பல்லாயிரம் பேர் கூடும் மைதானத்தில் இருக்க வேண்டியவர், கையில் மாதிரிச் சரக்கை வைத்துக்கொண்டு தக்கைக்கு ஆர்டர் பிடிக்கிற காட்சியைப் பத்திரிகைக்காரர்கள் வேடிக்கையாக எழுதினார்கள். வேடிக்கைதான், ஆனால் அந்தத் தக்கை வியாபாரத்தில்தான் வழக்கின் உயிர்நிலை இருக்கிறது. அவர் வேலை செய்ய விரும்பாத சோம்பேறி அல்ல என்பதையும், நியூகாஸில் கேட்டது அவருடைய உழைப்பை அல்ல என்பதையும் அது ஒரே சமயத்தில் காட்டிவிட்டது. தக்கை விற்பதில் கிளப்புக்கு யாதோர் ஆக்ஷேபணையும் இல்லை. வாழ்நாள் முழுவதும் விற்றுக்கொண்டிருக்கலாம். பந்தை மட்டும் வேறு யாருக்காகவும் தொடக் கூடாது. எந்த ஒரு காரியத்தில் அவர் தேர்ந்தவரோ அந்த ஒரு காரியத்துக்கு மட்டுமே தடை.

இதற்கு முன்னோடியாக வழக்கறிஞர்கள் சொல்லும் பழைய வழக்கொன்று இருக்கிறது. 1852-இல் ஜொஹன்னா வாக்னர் என்ற ஜெர்மானியப் பாடகி, லண்டனில் பெஞ்சமின் லம்லி என்பவருடைய நாடக அரங்கில் மூன்று மாதம் பாடுவதாகவும் அந்தக் காலத்தில் வேறெங்கும் பாடுவதில்லையென்றும் ஒப்புக்கொண்டு, பிறகு கூடுதல் பணத்துக்கு ஆசைப்பட்டு எதிர் அரங்கில் பாடப் போனார். பாடத்தான் வேண்டுமென்று ஒரு பெண்ணைக் கட்டாயப்படுத்த நியாயஸ்தலத்தால் முடியாது. மனமில்லாத தொண்டையிலிருந்து சங்கீதம் வராது என்பது நீதிபதிக்கும் தெரியும். ஆனால் அந்த மூன்று மாதத்துக்குள் வேறிடத்தில் பாடலாகாது என்று தடை விதிக்க முடியும் என்று தீர்ப்பாயிற்று. நம்முடைய பழைய பாய்ஸ் நாடகக் கம்பெனிகளிலும் இந்த ரகத்து விவகாரங்கள் உண்டு. ஒப்பந்தத்தில் கட்டுண்ட பையன் இரவோடிரவாக ஓடிப்போய் இன்னொரு கம்பெனியில் சேர்ந்துகொண்டால், அந்தக் கம்பெனி முதலாளி அவனைத் திருப்பி அனுப்புவார் என்பது நிச்சயமில்லை, சாரீரம் நன்றாயிருந்தால் தாமே வைத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். முதலாளிகளுக்குள் இருந்த போட்டியே பையனுக்குப் பாதுகாப்பு. கால்பந்து லீகில் அந்தப் போட்டி மைதானத்தோடு நின்றுபோயிற்று. வாக்னருக்கு விதித்த தடை மூன்று மாதம், அதுவும் அவரே ஒப்புக்கொண்ட மூன்று மாதம். ஈஸ்ட்ஹாமுக்கு விதித்த தடை ஒப்பந்தத்துக்கு அப்பாலும், கால வரம்பில்லாமலும் நீண்டது, அதை விதிக்க எந்த நீதிபதியும் தேவைப்படவில்லை.

1960 நவம்பரில் நியூகாஸில் விட்டுக்கொடுத்து, 47,500 பவுனுக்கு அவரை ஆர்ஸனல் கிளப்புக்கு விற்றுவிட்டது. சாதாரண மனுஷ்யனாயிருந்தால் அதோடு விஷயத்தை விட்டிருப்பான். கேட்டது கிடைத்துவிட்டது, லண்டனில் பெரிய கிளப், ஆடுவதற்கு மைதானம். அடுத்த ஜனவரியில், ஜிம்மி ஹில் தலைமையிலிருந்த ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்யப்போவதாக எச்சரித்ததன் பேரில், இருபது பவுன் வரம்பும் ஒழிந்தது. ஃபுல்ஹாம் கிளப்பின் ஜானி ஹேய்ன்ஸுக்கு வாரம் நூறு பவுன் என்று செய்தி வந்தபோது ஜனங்கள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். ஒரு பூட்டுத் திறந்துவிட்டது. மற்றப் பூட்டு, அதாவது வைத்துக்கொள்ளும் பட்டியல், அப்படியே இருந்தது. அதை உடைப்பதற்கு ஒரு வழக்கு வேண்டும், வழக்குக்கு ஒரு வாதி வேண்டும். அந்த வாதி, தனக்கு இனி அதனால் லாபம் ஒன்றுமில்லாத நிலையில், நியாயஸ்தலத்துக் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்கு உட்படச் சம்மதிக்க வேண்டும். ஈஸ்ட்ஹாம் சம்மதித்தார். சங்கம் செலவை ஏற்றுக்கொண்டது. கிங்கபி வழக்கின் ஞாபகம் சங்கத்தின் பழைய கணக்குகளில் இன்னும் மறைந்திருக்காது என்பதை நினைத்தால், அந்தச் சம்மதத்தின் எடை தெரியும்.

1963-இல் வழக்கு விசாரணைக்கு வந்தது. நீதிபதி ரிச்சர்ட் வில்பர்ஃபோர்ஸ். அடிமை வியாபாரத்தை ஒழிப்பதற்காகப் பாராளுமன்றத்தில் பாடுபட்ட வில்லியம் வில்பர்ஃபோர்ஸின் எள்ளுப்பேரன். இந்த வம்ச சம்பந்தத்தை எடுத்துச் சொல்லாதவர்கள் இல்லை. ஆட்டக்காரர்களே தங்கள் ஒப்பந்தத்தை அடிமைச் சாஸனம் என்று வர்ணித்துவந்தபடியால், பாட்டனார் விட்ட இடத்தில் பேரன் தொடர்ந்தார் என்று எழுதுவது எல்லோருக்கும் ருசித்தது. எனக்கு அவ்வளவு ருசிக்கவில்லை. வாரம் இருபது பவுன் வாங்கிக்கொண்டு, வேண்டாமென்றால் தக்கை விற்கப் போகக்கூடிய ஒருவனை, கப்பலின் அடித்தட்டில் விலங்கிட்டுக் கிடந்தவனோடு ஒப்பிடுவது இருவருக்குமே அநியாயம். நீதிபதி அந்த வழியில் போகவில்லை என்பது அவருடைய புத்தியின் நிதானத்தைக் காட்டுகிறது. அவர் எடுத்துக்கொண்ட கேள்வி சாதாரணமானது: ஒருவன் தன் தொழிலைச் செய்வதற்கு இன்னொருவன் தடை விதிக்கும்போது, அந்தத் தடை விதிக்கிறவனுடைய நியாயமான நலனைக் காப்பதற்குத் தேவையான அளவில் நிற்கிறதா, மீறுகிறதா?

பிரதிவாதிகளின் பக்ஷத்தில் சொல்லப்பட்டவை அலட்சியப்படுத்தத் தக்கவையல்ல. ஆட்டக்காரர்களை அவரவர் இஷ்டப்படி போக விட்டால், பணக்காரக் கிளப்புகள் நல்லவர்களையெல்லாம் வளைத்துப் போட்டுக்கொள்ளும். சிறிய ஊர்க் கிளப்புகள் பையன்களைப் பழக்கி ஆளாக்கிப் பறிகொடுத்துவிட்டு நிற்கும். மாற்றல் தொகையாக வருகிற பணந்தான் அவற்றில் பலவற்றின் ஜீவனம். அதற்கு முந்தின வருஷம் மார்ச் மாதத்தில்தான் ஆக்ரிங்டன் ஸ்டான்லி என்ற சிறு கிளப், கடன் தாங்காமல், பருவத்தின் நடுவிலேயே லீகை விட்டு விலகியிருந்தது. ஆகையால் அந்தப் பயம் வெறும் பாசாங்கு அல்ல. வில்பர்ஃபோர்ஸ் மாற்றல் தொகையையும் வைத்துக்கொள்ளும் விதியையும் பிரித்துப் பார்த்தார். மாற்றல் தொகை என்ற ஏற்பாட்டில் தனியாக எடுத்துக்கொண்டால் சொல்வதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் முடிந்தவனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் விதியோடு அது சேரும்போது, தேவைக்கு மிஞ்சிய தளை ஆகிவிடுகிறது. இது எஜமானர்கள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட முறை. அதை எல்லாக் கிளப்புகளும் ஒப்புக்கொண்டிருப்பதே அதற்கு நியாயமாகிவிடாது. 1963 ஜூலை 4-ஆம் தேதி, வைத்துக்கொள்ளும் முறை தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று அவர் தீர்ப்பளித்தார்.

சிறிய கிளப்புகளைக் காக்க வேண்டியது அவசியமென்றால், அந்தக் காப்புக்கு ஆகும் செலவை லீக் முழுவதும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அதை இருபத்துமூன்று வயதுப் பையனுடைய கால்களிலிருந்து வசூலிப்பது சௌகரியமான வழியே தவிர நியாயமான வழியல்ல. பணக்காரக் கிளப்புகள் நல்லவர்களை வளைத்துக்கொள்ளும் என்ற ஜோஸியம் பின்னாளில் பலித்துவிட்டது என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் ஜோஸியம் சொன்னவர்களில் எவரும், தங்கள் சொந்தக் கிளப் ஒரு ஆட்டக்காரனை விற்று லாபம் சம்பாதிக்கும்போது சமநிலையைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

தீர்ப்புக்குப் பின் விதிகள் தளர்ந்தன. கிளப் புதிய ஒப்பந்தம் கொடுக்கும்போது பழையதைவிடக் குறைவாகக் கொடுக்கலாகாதென்றும், தகராறு வந்தால் விசாரிக்க ஒரு பஞ்சாயத்து உண்டென்றும் ஆயிற்று. ஈஸ்ட்ஹாம் இங்கிலாந்துக்காகப் பத்தொன்பது ஆட்டங்கள் ஆடினார்; 1966-இல் உலகக் கோப்பை வென்ற குழுவில் இருந்தும் ஓர் ஆட்டத்திலும் இறக்கப்படவில்லை; 1972-இல், முப்பத்தைந்து வயதில், ஸ்டோக் சிட்டிக்காக வெம்ப்லியில் செல்ஸியை வென்ற கோலை அடித்தார். ஒப்பந்தம் முடிந்தவனை மாற்றுவதற்குத் தொகை கேட்பது ஐரோப்பிய சமூகத்துக்குள் செல்லாது என்று லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 1995-இல் போஸ்மான் வழக்கில் சொன்னபோது, வில்பர்ஃபோர்ஸ் பாதி திறந்த கதவு முழுக்கத் திறந்தது.

அதற்குப் பிறகு எஞ்சியிருந்தது கஷ்டமான கேள்வி: ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே வராதவனை என்ன செய்வது? லாஸானா தியாரா என்ற பிரெஞ்சு ஆட்டக்காரர் 2013 ஆகஸ்டில் மாஸ்கோவின் லோகோமோட்டிவ் கிளப்பில் நாலு வருஷத்துக்குக் கையெழுத்திட்டார். ஒரு வருஷத்துக்குள் சம்பளத்தைக் குறைப்பது பற்றித் தகராறு. அவர் பயிற்சிக்கு வரவில்லையென்று கிளப் ஒப்பந்தத்தை முறித்து, இரண்டு கோடி யூரோ நஷ்டஈடு கேட்டது. உலகச் சம்மேளனத்தின் பஞ்சாயத்து 2015-இல் ஒரு கோடியே ஐந்து லட்சம் யூரோ கொடுக்கும்படி தியாராவுக்கு உத்தரவிட்டது. மறு வருஷம் லோஸானிலுள்ள விளையாட்டு நடுவர் மன்றமும் அதை உறுதி செய்தது. இது ஈஸ்ட்ஹாம் கதையல்ல. இவர் கையெழுத்திட்டவர், தவணை முடியாதவர். வாக்குக் கொடுத்தவன் வாக்கைக் காக்க வேண்டும் என்று கிளப் சொன்னால் அதில் தவறு காண எனக்கு இயலவில்லை.

ஆனால் விதி அங்கே நிற்கவில்லை. அவரை எடுத்துக்கொள்கிற புதிய கிளப்பும் அந்த நஷ்டஈட்டுக்குச் சேர்ந்து பொறுப்பாளியாக இருந்தது. அவரை ஒப்பந்தம் முறிக்கத் தூண்டியது அந்தக் கிளப்தான் என்று, இல்லையென்று நிரூபிக்கப்படும் வரையில், அனுமானிக்கப்பட்டது. பழைய கிளப் இருந்த தேசத்துக் கால்பந்துச் சங்கம் மாற்றல் சான்றிதழைக் கொடுக்காமல் நிறுத்திவைக்கவும் முடிந்தது. பெல்ஜியத்தில் ஷார்லரோவா என்ற கிளப் 2015-இல் அவரை எடுக்க முன்வந்து, இந்தப் பாரம் தன் தலையில் விழாதென்று சம்மேளனத்திடமிருந்து எழுத்து மூலம் உறுதி கேட்டு, அது கிடைக்காமல் பின்வாங்கிற்று. எவ்வளவு என்று தெரியாத கடனோடு ஒரு ஆளை எந்த வியாபாரி வேலைக்கு எடுப்பான்? ரியல் மாட்ரிட்டில் ஆடிய மனிதர் ஒரு பருவம் முழுவதும் ஆடாமலே இருந்து, 2015 ஜூலையில்தான் மார்ஸேயில் சேர்ந்தார். பட்டியல் போய்விட்டது, பட்டியலின் வேலையைக் கடன் பயம் செய்தது. 2024 அக்டோபர் 4-ஆம் தேதி லக்ஸம்பர்க் நீதிமன்றம் இந்த விதிகள் ஐரோப்பியச் சட்டத்துக்கு விரோதமானவை என்று தீர்ப்பளித்தது. அதற்கு இரண்டரை மாதம் கழித்து, எண்பத்தெட்டாவது வயதில், ஈஸ்ட்ஹாம் காலமானார்.

இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. இரண்டு நியாயஸ்தலங்களும் வேறிடத்துக்குப் போகும் வழியை அடைக்கலாகாது என்று சொல்லினவே தவிர, வராமல் இருந்ததை நியாயமென்று சொல்லவில்லை. லோகோமோட்டிவுக்குத் தியாரா கொடுக்க வேண்டிய தொகையைப் பற்றி லக்ஸம்பர்க் நீதிபதிகளிடம் யாரும் கேட்கவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை. வில்பர்ஃபோர்ஸோ கேட்கப்பட்டார். சம்பள பாக்கி 400 பவுனும், போனஸ் பாக்கி 650 பவுனும் நியூகாஸில் தமக்குத் தர வேண்டுமென்று ஈஸ்ட்ஹாம் அதே வழக்கில் கோரியிருந்தார். 1960-இல் அவர் கிளப்புக்காக ஆட மறுத்திருந்தபடியால், அந்தப் பணத்தைக் கொடுப்பதும் கொடுக்காததும் கிளப்பின் இஷ்டம் என்று சொல்லி, நீதிபதி அந்தக் கோரிக்கையைத் தள்ளிவிட்டார்.